மேடை இறங்கிய நாடகங்களில் மிஞ்சியிருப்பவை

"இப்ப எங்க அப்பிடி நாடகம் வருது?" கொழும்பு வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்கத்துச் சங்கரப்பிள்ளை மண்டபத்தில் ஏதாவது நிகழ்ச்சி முடிந்து ஆட்கள் படியிறங்கும் நேரத்தில் இந்தக் கேள்வி காதில் விழாமல் போகாது. கேட்பவருக்குப் பதில் தேவையில்லை. பேச்சு உடனே லும்பினி அரங்குக்கோ, லயனல் வென்ட் அரங்குக்கோ, பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்துக்கோ தாவிவிடும். யார் நடித்தார், எந்தக் காட்சியில் கைதட்டல் நிற்காமல் போனது, எந்தப் பாட்டை இரண்டாம் தடவை பாடச் சொன்னார்கள் என்று அரை மணித்தியாலம் ஓடும். கடைசியில் ஒருவர் சொல்வார்: "பிரதி மட்டும் கிடைச்சால் திரும்பப் போடலாம்."

அங்கேதான் சறுக்கல். மேடை இறங்கிய நாடகம் ஒன்றில் நின்று பிடிப்பது எழுத்துப் பிரதி. ஆனால் நாம் ஏங்குகிற நாடகத்தில் அதன் பங்கு மிகக் குறைவு. காங்கேசன்துறை இசைநாடகக் கலைஞர் வி.வி. வைரமுத்துவின் 'மயான காண்டம்' ஆயிரக்கணக்கான தடவை மேடையேறியது. அரிச்சந்திரன் கதை யாருக்குத் தெரியாது? பாடல்களும் தேடினால் அகப்படும். 1989இல் அவர் காலமானபோது போனது அந்தப் பாடல்களைப் பாடிய விதம். கே.எஸ். பாலச்சந்திரனின் தனிநடிப்பான 'அண்ணை றைற்' தாளில் நாலைந்து பக்கம்கூட வராது. அது இன்றைக்கும் வாழ்வது கசற்றில் வந்த அந்தக் குரலால். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1964இல் மேடையேற்றிய 'இராவணேசன்' கூத்து பின்னாளில் மட்டக்களப்பில் புது வடிவில் எழுந்ததற்கும் காரணம் உண்டு: அன்றைக்கு இராவணனாக ஆடிய மௌனகுருவே அடுத்த தலைமுறைக்கு ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார். தாளக்கட்டு உடம்பிலிருந்து உடம்புக்குப் போனது.

சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திரவின் 'மனமே'யைப் பாருங்கள். 1956 நவம்பர் 3இல் லயனல் வென்டில் ஏறிய நாடகம், இன்றுவரை முழுதாக இறங்கவில்லை. நடிகர்கள் பல தடவை மாறிவிட்டார்கள். ஆனால் புதிதாக வந்தவர் பழையவர் ஆடும்போது பக்கத்தில் நின்று பழகியிருக்கிறார், பாட்டுக்காரரும் அப்படித்தான். கொழும்புத் தமிழ் நாடகங்களுக்கு இந்த வாய்ப்பு அநேகமாகக் கிடைத்ததில்லை. ஒரு காட்சி, மிஞ்சினால் மூன்று நாலு, மண்டப வாடகைக் கடன், அடுத்த நாடகம். 1983 ஜூலையில் வீடுகள் எரிந்தபோது கொப்பிகளும் படங்களும் சேர்ந்து எரிந்தன. பிறகு ஆட்கள் லண்டனுக்கும் ரொறொன்ரோவுக்கும் போனார்கள், கசற்றுகளும் அவர்களோடு போயின. மிச்சத்தை இந்த ஊர்க் காற்று தின்கிறது.

ஆகவே, ஏக்கத்தோடு நிற்காமல் ஏதாவது செய்ய நினைப்பவர் எது முதலில் அழியுமோ அதிலிருந்து தொடங்கவேண்டும். அச்சில் வந்த பிரதிக்கு அவசரமில்லை. 'நூலகம்' என்ற இணைய எண்ணிம நூலகத்தில் ஈழத்து நாடக நூல்களும் விழா மலர்களும் 'மல்லிகை' இதழ்களும் ஏராளமாக வருடிப் போடப்பட்டிருக்கின்றன, அவை நாளைக்கும் இருக்கும். முதலில் போவது ஆட்களின் ஞாபகம், அடுத்து கசற், அடுத்து வீடியோ. தாள் கடைசி.

ஆட்களிடம் போவதில் ஒரு முறை இருக்கிறது. "அந்த நாடகத்தைப் பற்றிச் சொல்லுங்கோ ஐயா" என்று கேட்டால் பாராட்டும் பொன்னாடையும்தான் வரும், அதை அவர் முந்தியும் நூறு பேருக்குச் சொல்லியிருப்பார். உடம்பைக் கேட்கவேண்டும். ஏ3 தாளில் மேடையை வரைந்து, நடிகருக்கு ஒரு நாணயமாக வைத்து, "முதல் காட்சியில நீங்கள் எந்தப் பக்கத்தால வந்தீங்கள், வரேக்க கையில என்ன இருந்தது?" என்று தொடங்குங்கள். வலம், இடம் என்பதை நடிகர் பக்கமிருந்தா பார்வையாளர் பக்கமிருந்தா சொல்கிறார் என்று முதலிலேயே முடிவுசெய்து தாளில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் நான்காம் காட்சியில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் ஊடறுத்து நடப்பார்கள்.

வசனம் மறந்தவருக்கும் பாட்டு மறப்பதில்லை. அதனால் பாட்டைப் பாடச் சொல்லுங்கள், பாட்டு முடிகிற இடத்தில் அடுத்த வசனம் தானாக வரும். தனியாகச் சந்திப்பது ஒரு தடவை, கூட நடித்த இன்னொருவரோடு சேர்த்து ஒரு தடவை என்று இரண்டும் வேண்டும். தனியாக இருக்கும்போது உண்மை அதிகம், சேர்ந்திருக்கும்போது விவரம் அதிகம். ஃபேனை நிறுத்தி, தெருப்பக்க யன்னலைச் சாத்தி, போனை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் துணியின் மேல் வைத்தால் போதும். மேசை மேல் வெறுமனே வைத்த போன் ஒவ்வொரு விரல்தட்டையும் இடியாகப் பதியும்.

வீட்டுக்காரர்களிடம் பேசும்போது இப்படித்தான் ஆகும்:

"அன்ரி, அங்கிளின்ட நாடகக் கசற் ஏதும் இருக்கா?"

"அதெல்லாம் எப்பவோ எறிஞ்சாச்சு தம்பி."

"பழைய பாட்டுக் கசற் பெட்டி ஒண்டும் இல்லையா?"

"அது கிடக்குது, ஏன்?"

அந்தப் பெட்டிதான் வேண்டும். அக்காலத்தில் வெற்றுக் கசற் காசு கொடுத்து வாங்கும் பொருள். பாட்டுக் கசற்றின் மேல்விளிம்பில் உடைந்திருக்கும் தடுப்புத் துவாரத்தில் ஒரு துண்டு ஒட்டுத்தாள் போட்டால் அதன் மேலேயே பதியலாம். ஆகவே லேபிளை நம்பவேண்டாம். 'சுப்ரபாதம்' என்று எழுதிய கசற்றின் மறுபக்கத்தில் ஒன்றேகால் காட்சி இருக்கலாம். துவாரத்தில் ஒட்டுத்தாள் தெரிந்தால் இரண்டு பக்கத்தையும் கடைசிவரை கேட்டே ஆகவேண்டும்.

கசற் கையில் வந்ததும் உடனே போட்டுக் கேட்க மனம் துடிக்கும். பொறுக்கவேண்டும். முதலில் வெளிச்சத்தில் பிடித்து, சின்ன யன்னல் வழியாக ரேப் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைப் பொடியோ நூல் போன்ற படலமோ தெரிந்தால் பூஞ்சணம். அதை ஓட்டினால் கருவியில் ரேப்பை வாசிக்கும் ஹெட்டில் அப்பி, அடுத்துப் போடும் நல்ல கசற்றுக்கும் தொற்றும். அப்படிப்பட்டதை சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத பெட்டியில் இரண்டு மூன்று கிழமை காயவிட்டு, வெளியில் காற்றோட்டமான இடத்தில், முகக்கவசத்தோடு, மெல்லிய துணியால் துடைத்தபடி சுற்றி எடுக்கவேண்டும். வெயிலில் காயவைப்பவர்கள் இருக்கிறார்கள், பிளாஸ்டிக் கூடு வளைந்துவிடும்.

அடுத்து, ரேப்புக்குப் பின்னால் செப்புத் தகட்டில் ஒட்டியிருக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு. முப்பது நாற்பது வருடத்தில் பசை காய்ந்து அது கழன்றிருக்கும். அது இல்லாமல் ஓட்டினால் ஒலி தூரத்தில் போய் வந்து, மேல் சுருதியெல்லாம் மங்கிக் கேட்கும். "ரேப் போயிட்டுது" என்று எறியப்படுபவற்றில் கணிசமானவற்றுக்கு வியாதி இதுதான். மருந்து சுலபம். ஐந்து திருகாணி போட்ட கூடுள்ள புதிய கசற் ஒன்றை வாங்கி, அதன் ரேப்பை எடுத்துவிட்டு, பழைய சுருள்கள் இரண்டையும் அப்படியே தூக்கி அதற்குள் வைக்கவேண்டும். சுருளின் மேலும் கீழும் இருக்கும் வழுக்குத் தாள்களைத் தவறவிடக்கூடாது, அவை இல்லாவிட்டால் ரேப் இறுகும். இரண்டு மூலை உருளிகளுக்கும் வெளியே ரேப் போகிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். திருகாணி இல்லாமல் ஒட்டிய கூடென்றால் மெல்லிய அலகைப் பொருத்தில் வைத்து நெம்பவேண்டும், கூடு உடைந்தால் உடையட்டும். சீ-60 ரேப் தடிப்பாக இருக்கும், சமாளிக்கலாம். சீ-90 மெல்லியது. சீ-120 என்றால் வேகமாகச் சுற்றவே வேண்டாம், இழுபடும். முழு நாடகமும் ஒரே கசற்றில் அடங்கவேண்டும் என்று சீ-120 போட்டுப் பதிந்தவர்கள் பலர், பாவம்.

ஓட்டும் கருவி விஷயத்தில் மலிவைப் பார்க்கக்கூடாது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வோக்மன் மாதிரி ஒன்றை, நேரே யூஎஸ்பியில் பதியும் என்று காட்டுவார்கள். அதன் வேகம் ஆடும், இழுத்த சுரம் நடுங்கும். ஒரு வீட்டில் தூசி படிந்து கிடக்கும் பழைய பெரிய டெக் அதைவிட எவ்வளவோ மேல். பெரும்பாலும் அதன் றப்பர் பட்டி தாராகி உருகியிருக்கும். பழைய பிசினை ஐசோபுரோப்பைல் அல்ககோலால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பட்டி போட்டால் ஓடும். போன் திருத்தும் கடைகளில் அந்த அல்ககோல் வாங்கலாம். ஹெட்டையும் உலோகத் தண்டையும் அதனால் துடைக்கலாம், றப்பர் உருளைக்கு மட்டும் மெல்லிய சவர்க்காரத் தண்ணீர் போதும். ஒலியைக் கணினிக்குள் எடுக்க ஒரு சின்ன ஓடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கம் விசாரித்தால் கிடைக்கும்.

பதியும் முன் கசற்றை ஒரு தடவை முழுதாக முன்னும் பின்னும் சுற்றி இறுக்கத்தைத் தளர்த்துங்கள். பிறகு ஹெட்டின் பக்கத்திலுள்ள சரிவுத் திருகாணி. இதைத் தொட எல்லோருக்கும் பயம், தொடாமல் விடுவதுதான் நட்டம். பதிந்த கருவியின் ஹெட் சரிவும் உங்கள் கருவியின் சரிவும் ஒன்றாக இருக்காது. மோனோவில் கேட்டபடி, சின்னத் திருப்புளியால் கால் சுற்றுக்குள் இப்படியும் அப்படியும் திருப்புங்கள். தாளம், சலங்கை, 'ச', 'ஷ' ஒலிகள் எங்கே கூர்மையாகின்றனவோ அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கசற்றுக்கும், சில வேளை ஒவ்வொரு பக்கத்துக்கும், திரும்பப் பார்க்கவேண்டும்.

24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ், வேவ் கோப்பு, உச்ச ஒலி பூச்சியத்துக்கு 6 முதல் 12 டெசிபெல் கீழே. ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 2 ஜிகாபைட் ஆகும், இடமில்லாவிட்டால் 48 கிலோஹேர்ட்ஸில் பாதி. நடுவில் நின்று ஒரு தனி ரெக்கோடரில் பதிந்த மோனோக் கசற் என்றாலும் இரண்டு தடத்தையும் வைத்திருங்கள், ஒரு விளிம்பு கசங்கியிருந்தால் மற்றது காப்பாற்றும். இரைச்சல் நீக்கும் மென்பொருளை மூலக்கோப்பின் மேல் ஏவவேண்டாம். இரைச்சலோடு சேர்த்து மூச்சும், மண்டபத்தின் ஆழமும், பின்வரிசைச் சிரிப்பும் போய்விடும். இன்னொன்றையும் தெரிந்திருப்பது நல்லது: அந்தக் காலத்துச் சின்ன ரெக்கோடர்கள் ஒலி கூடினால் தாமாகவே மட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். மத்தளம் அதிர்ந்ததும் பாட்டுக்காரர் குரல் அமிழ்ந்து மெல்ல மெல்ல மேலே வரும். அது பாடியவரின் குறையுமில்லை, உங்கள் கருவியின் குறையுமில்லை.

சுருதிதான் பெரிய தலையிடி. பற்றரி இறங்கிய ரெக்கோடர் மெதுவாக ஓடிப் பதிந்திருக்கும், இன்றைக்குச் சரியான வேகத்தில் போட்டால் எல்லாரும் வேகமாகவும் கீச்சுக் குரலிலும் பாடுவார்கள். "அந்தக் காலத்து ஆக்கள் என்ன சுருதியில பாடியிருக்கினம்!" என்ற வியப்பில் ஒரு பங்கு இந்தப் பற்றரிக்குச் சேரவேண்டியது. எவ்வளவு மாறியிருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி மண்டபத்திலேயே இருக்கிறது. ஒலிபெருக்கியின் அடியில் 'ம்ம்ம்' என்று மின்சார இரைச்சல் கேட்கும். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஓடாசிட்டி போன்ற மென்பொருளில் அதிர்வெண் படத்தைத் திறந்து, வசனமில்லாத இடைவெளியில், 50க்கும் அதன் மடங்குகளான 100, 150க்கும் பக்கத்தில் எழும் கூர்முனையைப் பாருங்கள். 53, 106 என்று நின்றால் வேகம் 6 வீதம் கூட, அதாவது சுருதியில் கிட்டத்தட்ட அரைக்கட்டை. ஐந்து கட்டையில் பாடியவர் ஐந்தரையில் கேட்கிறார். திருத்தும்போது வேகத்தை மாற்றும் வசதியையே பயன்படுத்துங்கள், சுருதியை மட்டும் மாற்றும் வசதியை வேண்டாம். இரண்டும் சேர்ந்தே மாறியவை, சேர்ந்தே திரும்பவேண்டும். பற்றரி இறங்க இறங்க வேகமும் குறைந்துகொண்டே வந்திருக்கும், ஆதலால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அளக்கவேண்டும். பதிவிலேயே ஆர்மோனியம் இருந்து, அந்த ஆர்மோனியம் இன்னும் யாருடைய வீட்டிலாவது இருந்தால் அதை வைத்து ஒப்பிடுவது இன்னும் நிச்சயம்.

பெரிய ஸ்பூல் ரேப்புகள் வந்தால் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சுருளினூடாக வெளிச்சம் தெரிந்தால் அது பழைய அசிற்றேற் வகை ரேப், புளிப்பு மணமும் அடிக்கலாம். அதற்குச் சூடு காட்டவே கூடாது. அதை நிபுணரிடம் விடுங்கள்.

வீடியோவைச் சுருக்கமாகச் சொல்லலாம். இங்கே பதிந்தவையும் லண்டனிலிருந்து வந்தவையும் பால் (PAL) முறை, ரொறொன்ரோவிலிருந்து வருபவை என்டிஎஸ்சி (NTSC) முறை. சாதாரண விசிஆரில் போட்டுக் கறுப்பு வெள்ளையாக உருண்டால் ரேப் பழுதென்று எண்ணாமல் இரண்டு முறையிலும் ஓடும் கருவியைத் தேடுங்கள். பக்கத்திலுள்ள பொத்தானை அமர்த்தி மூடியைத் தூக்கினால் ரேப் விளிம்பில் பூஞ்சணம் தெரியும், கசற்றுக்குச் சொன்னதே இதற்கும். பால் என்றால் 720க்கு 576, வரிகள் ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் இடைப்பின்னலைக் கலைக்காமல் மூலக்கோப்பை எடுங்கள், பார்ப்பதற்கான பிரதியை அதிலிருந்து பிறகு செய்யலாம். கல்யாண வீடியோக்காரர் ஒருவரிடம் கொடுத்து டிவிடியாக மாற்றியிருந்தால் மூல ரேப்பை எறியாதீர்கள். எரித்த டிவிடி இந்த ஈரப்பதத்தில் ரேப்புக்கு முன்னமே கண்ணை மூடும்.

இனித் தாள். இங்கே எல்லாரும் வேண்டி நிற்பது சுத்தமான பிரதியை, மதிப்பு அதிகம் அழுக்குப் பிரதிக்கு. 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மேடையேற்றுமுன் பிரதியைக் கொடுத்து அனுமதி வாங்கவேண்டியிருந்தது. அப்படி முத்திரை விழுந்த, றோணியோவில் படியெடுத்த பிரதி எது அனுமதிக்கப்பட்டது என்று சொல்லும். மேடையில் எது பேசப்பட்டது என்று அறிய, திரைக்குப் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தவரின் கொப்பி வேண்டும். வெட்டிய வரிகள், ஒத்திகையில் முளைத்த பகிடிகள், வெளிச்சக் குறிப்பு, தாளக் குறிப்பு எல்லாம் அதன் ஓரத்தில் பென்சிலில் இருக்கும்.

ஓரத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறதென்று வையுங்கள்: "வெ 7. 17 + 6. மெல்ல இற, 8. உடுக்கு நிற்க." ஏழாவது வெளிச்ச மாற்றம். 17ம் 6ம் விளக்கின் முன் போடும் நிறத்தாள்களின் எண்கள், பழைய சினிமொயிட் வரிசையில் முறையே எஃகு நீலமும் அடிப்படைச் சிவப்பும். எட்டு எண்ணும் நேரத்தில் வெளிச்சம் இறங்கவேண்டும், உடுக்கு அதோடு நிற்கவேண்டும். இன்றைக்குச் சினிமொயிட் இல்லை. ஆனால் லீ நிறத்தாள்களின் 100 வரிசை அதே எண்களைத் தழுவியது, 100ஐக் கூட்டுங்கள்: 117, 106. நிறம் பெரும்பாலும் பொருந்தும். பொருந்தாதது இறங்கும் விதம். பழைய இழை விளக்கு மங்கும்போது செம்மஞ்சளாகிக்கொண்டே போகும், நீலத்தாளுக்குப் பின்னால் இருந்தால் அந்த நீலம் அழுக்காகி, பிறகு அணையும். எல்ஈடி கடைசிப் புள்ளிவரை பளிச்சென்று நீலமாகவே நின்று திடீரென்று போகும். பழைய நாடகம் ஒன்றைத் திரும்பப் போட்டுவிட்டு "என்னவோ குறையுது" என்று தலையைச் சொறிபவர்கள் இந்த எட்டு எண்ணிக்கையைப் பார்க்கலாம். எல்ஈடிதான் இருக்கிறதென்றால் மட்டம் பாதிக்குக் கீழே வரும்போது கொஞ்சம் அம்பரைக் கலந்துகொண்டே இறக்கவேண்டும்.

வருடும்போது கறுப்பு வெள்ளைத் தெரிவைத் தொடவேண்டாம், பென்சில் கோடு மறைந்துவிடும். வண்ணத்தில் 400 டீபீஐ, படங்களுக்கு 600. போனால் எடுப்பதென்றால் இரண்டு பக்கமும் 45 பாகையில் வெளிச்சம், போன் தாளுக்குச் சமாந்தரம், பிளாஷ் வேண்டாம். துருப்பிடித்த ஸ்டேப்பிளை இழுக்காமல், மெல்லிய தகட்டைக் கீழே செருகிக் காலை நிமிர்த்தி எடுங்கள். லெமினேற் செய்வதும் செலோரேப் ஒட்டுவதும் அன்பினால் செய்யும் கொலை. இராமபாணப் பூச்சி இருந்தால் பொலித்தீனில் காற்றை வெளியேற்றிச் சுற்றி, ஆழ்குளிரில் மைனஸ் 18 பாகையில் இரண்டு கிழமை வையுங்கள். வெளியே எடுத்ததும் ஒரு முழுநாள் பிரிக்கக்கூடாது, பிரித்தால் தாளில் பனி வேர்க்கும். கசற்றை ஆழ்குளிரில் வைக்காதீர்கள்.

நோட்டீஸ்களில் ஒரு தீராத தொல்லை: "சனிக்கிழமை, மார்ச் 14, மாலை 6.30" என்று கொட்டை எழுத்தில் இருக்கும், ஆண்டு இருக்காது. அன்றைக்கு அது யாருக்கும் தேவைப்படவில்லை. கிழமையும் திகதியும் பொருந்தும் ஆண்டுகளை எழுதுங்கள். இந்த உதாரணத்துக்கு 1960க்கும் 1995க்கும் இடையில் 1964, 1970, 1981, 1987, 1992. இனி வடிகட்டுங்கள். ஆங்கில வரியில் 'சிலோன்' என்றிருந்தால் பெரும்பாலும் 1972 மே மாதத்துக்கு முந்தியது. வானொலியைக் 'கூட்டுத்தாபனம்' என்று சொன்னால் 1967க்குப் பிந்தியது. யாராவது தொலைக்காட்சியான 'ரூபவாஹினி' புகழ் என்றால் 1982க்கு முன் சாத்தியமில்லை. 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்குப் பதிலாக, நிலாவின் கட்டங்களை ஒட்டி வரும் போயா நாட்கள் வார விடுமுறையாக இருந்தன. அந்தக் காலத்து நோட்டீஸ்களில் காட்சி நாள் போயாவையோ அதற்கு முதல் நாளையோ ஒட்டி விழுவதைக் காணலாம், கிழமை ஏதோ ஒரு புதனாகவோ வியாழனாகவோ இருக்கும். அப்படி ஒன்று கண்டால் முதலில் இந்த ஐந்தாறு ஆண்டுகளைத் தேடுங்கள்.

ஆண்டு இரண்டு மூன்றாகக் குறைந்ததும் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போய் பழைய 'வீரகேசரி', 'தினகரன்' கோவைகளைப் புரட்டலாம். காட்சிக்கு முந்திய வெள்ளி, சனி, ஞாயிறு இதழ்களில் விளம்பரத்தையும், பிந்திய இரண்டு மூன்று ஞாயிறுகளில் விமர்சனத்தையும் தேடுங்கள். விமர்சனத்தில் நடிகர் பெயர்களை நம்பலாம், காட்சி விவரணையை அவ்வளவாக நம்பவேண்டாம். இடைவேளையோடு எழும்பிப் போன விமர்சகர்கள் எக்காலத்திலும் உண்டு. குறிப்பெடுக்கப் பென்சில் கொண்டு போங்கள்.

சேர்த்ததை வைப்பதற்கு இந்த ஊரில் அலுமாரி போதாது. கடற்கரைப் பக்கம் ஈரப்பதம் பெரும்பாலும் 75 வீதத்துக்கு மேல், பூஞ்சணத்துக்கு 65, 70 போதும். இரவில் ஏசி, பகலில் பூட்டிய அறை என்று மாறி மாறி இருப்பது எப்போதும் ஃபேன் ஓடும் அறையைவிடக் கெடுதல். றப்பர் விளிம்புள்ள பத்து லீற்றர் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே 100 கிராம் அளவு நிறம் மாறும் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி, இவ்வளவும் போதும். ஊசி 50ஐத் தாண்டினால் ஜெல்லை அவனில் 110 முதல் 120 பாகையில் இரண்டு மணித்தியாலம் காயவைத்துத் திருப்பிப் போடுங்கள். கோப்புகளுக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். ரொறொன்ரோவில் இருக்கும் மருமகன் அதற்குத்தான். லாச்சியில் போட்ட பென்டிரைவைப் பிரதியென்று கணக்கெடுக்கவேண்டாம்.

இதையெல்லாம் செய்து முடித்தவருக்கு அடுத்து வரும் ஆசை, இணையத்தில் ஏற்றுவது அல்லது திரும்ப மேடையேற்றுவது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவர் மறைந்து 70 ஆண்டுவரை பிரதியின் உரிமை வாரிசுகளுக்கு. பாடியவருக்கும் நடித்தவருக்கும் தனி உரிமை உண்டு. வாரிசு கனடாவில் என்றாலும் ஒரு மின்னஞ்சலில் சம்மதம் வாங்கிக் கோவையில் வைத்திருங்கள், வாய்ச்சொல் அடுத்த தலைமுறையில் செல்லாது.

மேடையேற்றுவதென்றால் ஒத்திகைக்கு முன் ஒரு கணக்குப் பாருங்கள். பிரதியை உட்கார்ந்து வாசித்தால் ஒரு மணி இருபது நிமிடம் வருகிறது, வேகம் திருத்திய கசற்றில் அதே நாடகம் ஒரு மணி ஐம்பது ஓடுகிறது என்று வையுங்கள். அந்த அரை மணித்தியாலம் எங்கே இருக்கிறது என்று கசற்றைக் கேட்டு நிமிடம் நிமிடமாகக் குறியுங்கள்: பாட்டு திரும்பப் பாடிய இடம், சிரிப்புக்காக நின்ற இடம், சீன் மாறும்வரை மத்தளக்காரர் தனியே வாசித்த இடம், பேசாமல் நடந்த இடம். அந்தக் குறிப்பைக் கொப்பியின் ஓரத்தில் வேறு நிறப் பென்சிலால் ஏற்றி, நடிகர்களுக்குப் பிரதி கொடுக்கும்போது அந்தப் பக்கங்களையே போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுங்கள்.